இரண்டு அலகுப் பேனாக்கத்தி: தேர்வை இரண்டாவது அலகிலிருந்து தொடங்குங்கள்

அன்றாடம் பையில் வைத்துக்கொள்ள, இரண்டு அலகு (பிளேடு) கொண்ட, பூட்டு இல்லாத பழைய பாணி மடக்குக் கத்தி ஒன்று வாங்கலாம் என்று இறங்கியபோது, தேவையான விவரங்களைத் திரட்டவே எனக்குப் பெரும்பாடாகிவிட்டது. விற்பவர்கள் பிடியின் நிறத்தைப் பற்றி நீளமாக எழுதுகிறார்கள். கூர்ப்பகுதி எத்தனை சென்டிமீட்டர், ஸ்பிரிங் எவ்வளவு இறுக்கம், இரண்டாவது அலகு எந்த வேலைக்கு என்று தேடினால் பதில் அகப்படாது. புதிதாக வாங்குபவர்கள் அதே அலைச்சலைப் படவேண்டாம் என்பதற்காக, எந்த வரிசையில் முடிவெடுத்தால் பணம் வீணாகாதோ அந்த வரிசையில் எழுதுகிறேன்.

நான் சொல்லும் கத்தி ஆங்கிலத்தில் ‘ஸ்லிப்ஜாயின்ட்’ எனப்படும் வகை. விரித்த அலகை முதுகுப்புற ஸ்பிரிங்கின் அழுத்தம் மட்டுமே பிடித்து நிறுத்தும். அழுத்தி மடக்கினால் மடங்கிவிடும். அந்த எளிமைதான் இதன் பலம், கவனம் தேவைப்படுவதும் அதனால்தான்.

1. முதலில் சட்டத்தைப் பாருங்கள்

கத்தி பிடித்துப்போன பிறகு சட்டத்தைத் தேடினால், பிடித்த கத்திக்குச் சாதகமாகவே படிக்கத் தோன்றும். அதனால் இது முதல் படி.

நீங்கள் வசிக்கும் நாட்டில் மூன்று கேள்விகளுக்கு விடை வேண்டும். வைத்திருக்கலாமா என்பது ஒன்று. பொது இடத்தில் எடுத்துச் செல்லலாமா என்பது இரண்டாவது. அளவுக்கும் பூட்டுக்கும் வரம்பு உண்டா என்பது மூன்றாவது. முதலாவதற்கு ஆம் என்பதால் இரண்டாவதற்கும் ஆம் என்று நினைத்துவிடாதீர்கள். பலர் சிக்குவது இங்கேதான்.

இரண்டு உதாரணங்கள் சொல்கிறேன். பிரிட்டனில், பூட்டு இல்லாத மடக்குக் கத்தியின் கூர்ப்பகுதி 3 அங்குலத்துக்கு, அதாவது 7.62 செ.மீ.க்கு மேல் போகாதவரை, தனிக் காரணம் காட்டாமலே பொது இடத்தில் வைத்திருக்கலாம். பூட்டு இருந்தால் அந்தச் சலுகை போய்விடும். ஜெர்மனியில் 2024 அக்டோபர் இறுதியில் வந்த திருத்தத்துக்குப் பிறகு பொதுத் திருவிழாக்களிலும் தொலைதூர ரயில்களிலும் கத்திகளுக்குப் பொதுவாகத் தடை உண்டு. சட்டம் மாறிக்கொண்டே இருப்பதால் பத்து வருடத்துக்கு முந்தைய யோசனையை நம்பாதீர்கள். அரசின் இணையதளத்தில் உள்ள வாசகத்தையே படியுங்கள்.

விமானப் பயணம் என்றால் கத்தியைக் கைப்பையில் வைக்காதீர்கள். சரக்கில் போகும் பெட்டியில், மடக்கி, உறையிட்டு வையுங்கள். நீதிமன்றம், பள்ளி, பாதுகாப்புச் சோதனை உள்ள அலுவலகம் போகும் நாளில் வீட்டிலேயே விட்டுவிடுங்கள். வாசலில் பறிமுதலானால் பெரும்பாலும் திரும்பி வராது.

2. ஒரு வாரம் குறித்து வையுங்கள்

வாங்கும் முன், கத்தி தேவைப்படும் ஒவ்வொரு முறையும் என்ன வெட்டினீர்கள் என்று ஒரு தாளில் எழுதிவாருங்கள். பார்சல் ஒட்டுநாடா, கடித உறை, நூல், கயிறு, பழம், பென்சில், பிளாஸ்டிக் உறை என்று பட்டியல் வரும். பிறகு ஒவ்வொன்றுக்கும் எதிரே ‘சுத்தம்’ அல்லது ‘அழுக்கு’ என்று குறியுங்கள்.

இந்தப் பிரிவினைதான் இரண்டு அலகின் முழு நியாயமும். அட்டைப்பெட்டி கூரைச் சீக்கிரம் தின்றுவிடும், ஒட்டுநாடாவின் பசை அலகில் அப்பிக்கொள்ளும். அதே அலகால் பின்னர் ஆப்பிள் நறுக்க யாருக்கும் மனம் வராது. ஓர் அலகை முரட்டு வேலைக்கும் மற்றதை உணவுக்கும் நுண்ணிய வேலைக்கும் ஒதுக்கிவிட்டால், ஒன்று மழுங்கிய நாளிலும் இன்னொன்று கூராக இருக்கும். எது எந்த வேலைக்கு என்று இப்போதே தீர்மானியுங்கள். அதன்பின் மாற்றாதீர்கள்.

பட்டியலில் ஒரே வகை வேலைதான் இருக்கிறது என்றால் உங்களுக்கு ஓர் அலகுக் கத்தியே போதும். அது எடை குறைவு, சுத்தம் செய்வது சுலபம். இதை விற்பவர் யாரும் சொல்லமாட்டார்.

3. இரண்டாவது அலகைத் தேர்ந்தெடுங்கள்

பெரிய அலகில் தேர்வு குறைவு. பெரும்பாலும் கிளிப் அல்லது ஸ்பியர் வடிவமாகத்தான் இருக்கும். கிளிப் அலகின் முதுகு முனைக்கு அருகே உள்வாங்கி இருப்பதால் முனை மெலிந்து, துளைக்க வாகாக இருக்கும். ஸ்பியர் அலகில் முனை நடுவாக்கில் வந்து சேரும், சற்றே உறுதி கூடுதல். இரண்டில் எது வந்தாலும் அன்றாட வேலை நடக்கும். ஒரு கத்தி உங்களுக்கு உதவுமா, இழுப்பறையில் தூங்குமா என்பதை முடிவு செய்வது சின்ன அலகு. ஆனால் படங்களில் அது பாதி மறைந்தே கிடக்கும்.

பென் அலகு: சிறியது, மெல்லியது. கடித உறை, நூல், விரலில் ஏறிய முள் என்று சின்ன வேலைகளுக்கு. நாலு பேர் நடுவில் விரித்தாலும் யாரும் மிரளமாட்டார்கள். நகரத்தில், அலுவலகத்தில் புழங்குபவருக்கு இதுவே நல்லது.

ஸ்பே அலகு: முனை மழுங்கலாக, நுனியருகே வளைந்து ஏறும் கூர். கால்நடை வளர்ப்பவர்களின் தேவைக்காக உருவானது. தோல் உரிக்க, சுரண்ட, வெண்ணெய் தடவ வாகானது. ஆனால் ஒட்டுநாடாவில் குத்தித் திறக்க முனை இருக்காது. உங்கள் பட்டியலில் பார்சல்கள் அதிகமென்றால் ஸ்பே உள்ள கத்தியை, எத்தனை அழகாக இருந்தாலும், விட்டுவிடுங்கள். ட்ராப்பர் என்ற புகழ்பெற்ற வடிவத்தில் கிளிப்பும் ஸ்பேயும்தான் ஜோடி. புகழைக் கேட்டு அதை வாங்கி, ஸ்பேயை ஒரு முறைகூட விரிக்காதவர்கள் நிறைய.

ஷீப்ஸ்ஃபுட் அலகு: கூர் நேர்கோடாக இருக்கும், முதுகு வளைந்து வந்து நுனியில் கூரைத் தொடும். மேசையில் வைத்து நேராகக் கீற இதற்கு நிகரில்லை. குத்திவிடும் அபாயம் குறைவு. கல்லில் தீட்டவும் மிகச் சுலபம்.

வார்ன்கிளிஃப் அலகு: இதிலும் கூர் நேர்கோடு, ஆனால் முதுகு நீளமாகச் சரிந்து முனை ஊசியாக இருக்கும். அட்டை, ஒட்டுநாடா, தாள் வெட்டுபவர்களுக்கு என் முதல் சிபாரிசு இதுதான். முனை மெல்லியது என்பதால் எதையும் நெம்பாதீர்கள்.

கோப்பிங் என்று குறுகிய, நுனி சாய்வாக வெட்டுப்பட்ட அலகும் உண்டு. மரச்செதுக்கு வேலை இல்லாதவருக்கு அது தேவைப்படாது.

மஸ்க்ராட் என்ற வடிவத்தில் ஒரே மாதிரி கிளிப் அலகுகள் இரண்டு இருக்கும். இது வீண் என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. மேலே சொன்ன சுத்தம், அழுக்கு என்ற பிரிவினையை இதைவிட நேராகச் செய்யும் கத்தி வேறில்லை.

4. ஒரே முனையா, இரு முனையா?

இரண்டு அலகும் ஒரே முனையில் கீல்கொண்டிருந்தால் அது ஜாக் வகை. ட்ராப்பர், பீனட், பார்லோ ஆகிய வடிவங்கள் எல்லாம் இதில் சேரும். எதிரெதிர் முனைகளில் இருந்தால் பென் வகை. கனூ, மஸ்க்ராட் வடிவங்கள் இதில் வரும்.

ஜாக் வகையில் வழக்கமாக அலகுக்கு ஒரு ஸ்பிரிங் இருக்கும். அதனால் பிடி தடிமனாகிறது, உள்ளங்கையில் நன்றாக நிறைகிறது. அழுத்தி வெட்டும் வேலைக்கு இது வசதி. பென் வகையில் இரண்டு அலகும் ஒரே ஸ்பிரிங்கைப் பகிர்ந்துகொள்ளும் கத்திகள் உண்டு. அவை மெலிதாக, பையில் இருப்பதே தெரியாமல் இருக்கும். ஆனால் அழுத்தி வெட்டும்போது மூடிய அலகின் முதுகு உள்ளங்கையில் உறுத்தும். கடையில் இது தெரியாது, அரைமணி நேரம் செதுக்கினால் தெரியும். மேலும், ஒரே ஸ்பிரிங் உள்ள கத்தியில் இரண்டு அலகையும் ஒரே நேரத்தில் பாதி விரித்து வைக்காதீர்கள், ஸ்பிரிங்குக்கு இரட்டைச் சுமை.

இடக்கைப் பழக்கம் உள்ளவர்கள் நகம் வைத்து இழுக்கும் பள்ளம் எந்தப் பக்கம் வெட்டப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலான பெரிய அலகுகள் வலக்கைக்காரர்களை நினைத்தே செய்யப்பட்டவை. எதிரெதிர் முனைக் கத்திகளில் சின்ன அலகின் பள்ளம் மறுபக்கம் இருப்பதுண்டு. அது உங்களுக்குச் சாதகமாக அமையலாம்.

5. அளவு: எந்த நீளத்தைச் சொல்கிறார்கள் என்று கேளுங்கள்

விளம்பரத்தில் வரும் நீளம் அநேகமாக மூடிய நிலையின் நீளம். சட்டம் பார்ப்பது அலகையோ அதன் கூர்ப்பகுதியையோ. இரண்டையும் குழப்பிக்கொள்வதால் வரும் தொல்லை கொஞ்சமல்ல.

அமெரிக்கக் கத்தித் தயாரிப்பாளரான கேஸ் நிறுவனத்தின் கத்திகளையே அளவுகோலாக வைத்துச் சொல்கிறேன். பீனட் மூடினால் 7.3 செ.மீ. கனூ 9.2. முழு ட்ராப்பர் 10.5. அந்த ட்ராப்பரின் அலகு 8 செ.மீ.யைத் தாண்டும். மேலே சொன்ன பிரிட்டன் வரம்பில் அது தேறாது. மூடிய நீளத்தில் முக்கால் பங்கை அலகின் நீளமாக வைத்துத் தோராயமாகக் கணக்கிடலாம். வரம்பு நெருக்கமாக இருந்தால் தோராயம் வேண்டாம், விற்பவரிடம் அளவுகோல் வைத்து எடுத்த படம் கேளுங்கள்.

எடையும் முக்கியம். முழு ட்ராப்பர் 110 கிராமுக்கு மேல் வரும். மெல்லிய துணிக் கால்சட்டையில் அது ஒரு பக்கமாகத் தொங்கும். பீனட் அதில் பாதிகூட இல்லை, ஆனால் பெரிய கை உள்ளவருக்கு மூன்று விரல்தான் பிடியில் அமரும். முதல் கத்திக்கு மூடிய நிலையில் 8.5 முதல் 9.5 செ.மீ. வரை உள்ளதைத் தேடுங்கள். வாங்கும் முன் அந்த அளவுக்கு ஓர் அட்டைத் துண்டை வெட்டி, உங்கள் கையிலும் பையிலும் வைத்துப் பாருங்கள். செலவில்லாத சோதனை, நிறையச் சொல்லும்.

6. எஃகு

இங்கே இரண்டே பாதைகள். துருப்பிடிக்காத எஃகு ஒன்று, கார்பன் எஃகு மற்றொன்று.

வேர்க்கும் உடம்பு, ஈரக் காற்று, கத்தியைத் துடைக்க மறக்கும் வழக்கம், இதில் ஏதாவது ஒன்று இருந்தாலும் துருப்பிடிக்காததை எடுங்கள். கேஸ் கத்திகளில் ‘ட்ரூ-ஷார்ப்’ என்று வருவது 420எச்சி வகை எஃகு. கூர் மாதக்கணக்கில் நிற்காது, ஆனால் கல்லில் சில நிமிடத்தில் மீண்டுவிடும். துருப்பிடிக்காதது என்பதற்காக ஈரத்தோடு மூடிவைக்காதீர்கள். கீலுக்குள் தங்கும் நீர் எந்த எஃகையும் கெடுக்கும்.

கார்பன் எஃகில் 1095 என்ற வகை புகழ்பெற்றது. ஏறக்குறைய 0.95 சதவீதம் கார்பன், குரோமியம் சேர்ப்பதில்லை. கிரேட் ஈஸ்டர்ன் கட்லரி என்ற அமெரிக்க நிறுவனம் பெரிதும் பயன்படுத்துவது இதைத்தான். கேஸ் கத்தியில் ‘சிவி’ என்ற எழுத்துகள் குரோம் வனேடியம் எஃகைக் குறிக்கும். அதுவும் கார்பன் எஃகு இனம்தான். இவை மெல்லிய, நறுக்கென்ற கூரைத் தரும், தீட்டுவது இன்பம். ஆனால் எலுமிச்சையோ வெங்காயமோ நறுக்கினால் அலகு சாம்பலும் நீலமுமாக நிறம் மாறும். அது கெடுதல் அல்ல, துருவைத் தள்ளிப்போடும் படலம். செம்பழுப்பாகப் பொடி உதிர்ந்தால்தான் துரு, அதை உடனே எண்ணெய் தொட்டுத் தேய்த்து எடுக்க வேண்டும். நிறம் மாறியதைப் பார்த்துப் பயந்து மெருகேற்றிக்கொண்டே இருந்தால் அந்தப் படலம் உருவாகவே வழியில்லாமல் போகும்.

பழம் நறுக்குவதே உங்கள் முக்கிய வேலை என்றால் துருப்பிடிக்காத எஃகே நல்லது. புதிய கார்பன் அலகு பழத்தின் புளிப்போடு சேர்ந்து ஒரு இரும்பு வாடையைக் கொடுக்கும்.

7. பிடி

அழகுக்குத்தான் இங்கே விலை ஏறுகிறது, வெட்டுவதில் வித்தியாசமில்லை. டெல்ரின் போன்ற பிளாஸ்டிக் மலிவு, உறுதி, ஈரத்துக்கு அஞ்சாது. வரிவரியாகச் செதுக்கிய எலும்பு நடுத்தர விலை. கீழே விழுந்தால் ஆணியைச் சுற்றி விரிசல் விடக்கூடும். மான்கொம்பு உச்ச விலை. கடமான் கொம்பின் ஏற்றுமதியை இந்தியா தடைசெய்திருப்பதும் அதற்கு ஒரு காரணம். கொம்பு, தந்தம் போன்றவை எல்லை தாண்டும்போது வனவிலங்குச் சட்டங்களில் மாட்டும். அடிக்கடி நாடு விட்டு நாடு போகிறவர் பிளாஸ்டிக்கோ மைக்கார்ட்டாவோ (துணி அல்லது தாள் அடுக்குகளைப் பிசினில் இறுக்கிச் செய்தது) எடுத்தால் நிம்மதி.

பழைய கத்தி வாங்குகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. செல்லுலாய்டு பிடிகள் காலப்போக்கில் சிதைந்து வாயு விடும், அது பக்கத்தில் உள்ள அலகுகளையும் துருவேற்றும். தனியாக, காற்றோட்டமாக வையுங்கள்.

8. கையில் வாங்கியதும் செய்யவேண்டிய சோதனை

பார்சல் வந்த அன்றே, எதையும் வெட்டும் முன், நல்ல வெளிச்சத்தில் உட்காருங்கள். கூர் தீட்டிவிட்டாலோ எண்ணெய் விட்டுப் பழக்கிவிட்டாலோ திருப்பி எடுக்கப் பலர் மறுப்பார்கள். அதனால் வரிசை முக்கியம்.

கத்தியை மூடியபடி விளக்குக்கு எதிரே தூக்கிப் பிடித்து, ஸ்பிரிங்குக்கும் பக்கத் தகடுக்கும் நடுவே வெளிச்சம் தெரிகிறதா பாருங்கள். மயிரிழை தெரிந்தால் பொறுத்துக்கொள்ளலாம். தாள் நுழையும் இடைவெளி என்றால் அங்கே அழுக்கும் ஈரமும் குடியேறும்.

பிறகு பெரிய அலகை விரியுங்கள். நகம் வலிக்கும் அளவுக்கு இறுகியிருந்தால், அன்றாடக் கத்திக்கு அது பொருந்தாது. தளர்வாக, தொட்டதும் அசைந்தால் அது அபாயம். ஆர்வலர்கள் இந்த இறுக்கத்தை 1 முதல் 10 வரை எண்ணிட்டுச் சொல்வார்கள். 5 அல்லது 6 என்றால் பெரும்பாலோருக்குச் சரி. இணையத்தில் வாங்கும்போது இந்த எண்ணை விற்பவரிடம் கேளுங்கள், தெரிந்தவர் உடனே சொல்வார். சில கத்திகள் 90 பாகையில் ஒரு முறை நின்று பிறகு நகரும். மூடும்போது விரலுக்கு இது பாதுகாப்பு. இரண்டு கட்டமாக நகர்வதைக் குறை என்று எண்ணித் திருப்பி அனுப்பாதீர்கள்.

முழுதாக விரித்த பின் அலகை இடவலமாகவும் மேலும் கீழுமாகவும் அசைத்துப் பாருங்கள். மேல்கீழ் ஆட்டம் கொஞ்சம்கூட இருக்கக் கூடாது. அதை வீட்டில் சரிசெய்ய முடியாது. நீள அலகில் மிகச் சிறிய பக்க ஆட்டம் சகித்துக்கொள்ளக்கூடியது.

அடுத்தது இரண்டு அலகுக் கத்திக்கே உரிய சோதனை. ஒன்றை மூடியபடி மற்றதை மெதுவாக மூடுங்கள். ஒன்றையொன்று உரசுகிறதா? குறுகிய பிடிக்குள் இரண்டும் இடம்பிடிக்க, செய்பவர்கள் அலகை அடியில் லேசாக வளைத்திருப்பார்கள். ஆகவே அலகு சற்றுச் சாய்ந்து தெரிவது குறையல்ல. அலகின் பக்கவாட்டில் மெல்லிய கோடு விழுவதும் பெரிய குறையல்ல. கூர் ஓரம் மற்ற அலகில் இடிக்கிறது என்றால் மட்டும் திருப்பி அனுப்புங்கள்.

கடைசியாக, மூடிய அலகுகளின் முனை வெளியே துருத்துகிறதா என்று பார்வையாலும், பிறகு ஒரு துணியை மேலே இழுத்தும் பாருங்கள். நூல் சிக்கினால் உங்கள் பையும் விரலும் கிழியும். மூடும்போது அலகை ஒருபோதும் ‘டக்’கென்று விழவிடாதீர்கள், கூர் உள்ளே ஸ்பிரிங்கில் அடித்து நடுவில் மழுங்கும். சத்தம் இனிமையாக இருக்கும், செலவு கூரின் தலையில் விழும்.

9. சீட்டுகளும் செலவும்

அலகின் அடிப்பகுதியில் பொறித்திருப்பதைப் படியுங்கள். கேஸ் கத்தியில் 6254 என்றிருந்தால், 6 எலும்புப் பிடியையும், 2 அலகுகளின் எண்ணிக்கையையும், 54 ட்ராப்பர் வடிவத்தையும் சொல்கிறது. பின்னால் எஸ்எஸ் என்று வந்தால் துருப்பிடிக்காதது. விளம்பரமும் இந்த எண்ணும் ஒத்துப்போகவில்லை என்றால் விலகுங்கள்.

ரசீதில் கத்தியின் வடிவப்பெயர், பிடியின் பொருள் இரண்டும் எழுதியிருக்க வேண்டும். வெறும் ‘கத்தி’ என்ற ரசீது சுங்கத்திலும் உதவாது, உத்தரவாதம் கேட்கும்போதும் உதவாது. தயாரிப்பாளர் தரும் உத்தரவாதம் செய்நேர்த்திக் குறைகளுக்கு மட்டும். தேய்மானம், நெம்பி முறித்த முனை, கழற்றிப் பார்த்த கத்தி இவற்றுக்குப் பொருந்தாது. வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் விலையோடு அஞ்சல், வரி, திருப்பி அனுப்ப நேர்ந்தால் அதன் அஞ்சல், மூன்றையும் கூட்டிய பிறகே மலிவா என்று சொல்ல முடியும். வயதுச் சான்று கேட்கும் நாடுகளும் உண்டு, பார்சல் வரும் நாளில் அதைக் கையில் வைத்திருங்கள்.

பணத்தை ஒதுக்கும்போது தீட்டுக்கல்லை மறந்துவிடாதீர்கள். 400, 1000 என்ற சொரசொரப்பு எண்களில் இரண்டு முகம் கொண்ட கல் ஒன்று, கூரை மெருகேற்றும் தோல்வார் ஒன்று, தெளிந்த மினரல் ஆயில் ஒரு சிறு குப்பி. கல் வாங்கப் பணம் மிஞ்சாத அளவுக்குக் கத்தியில் செலவழித்தவர் கைகளில் விலையுயர்ந்த மழுங்கல் கத்திதான் இருக்கும். ‘குறைந்த எண்ணிக்கையில் வெளியானது’ என்று மறுவிற்பனைக்காரர் ஏற்றிச் சொல்லும் விலையை முதல் கத்திக்குக் கொடுக்காதீர்கள். அந்தக் கூடுதல் தொகை வெட்டும் திறனுக்காக அல்ல.

10. முதல் இரண்டு வாரம்

கத்தியை வைத்துக்கொள்வது என்று முடிவானதும் கீல்களைக் கழுவுங்கள். வெதுவெதுப்பான நீரில் ஒரு சொட்டு சோப்பு விட்டு, ஒவ்வொரு அலகையும் பலமுறை விரித்து மூடினால் பட்டறை வேலையில் உள்ளே தங்கிய கருஞ்சேறு வெளிவரும். அது நின்ற பிறகு நன்றாகத் துடைத்து, முழுக்க உலரவிட்டு, கீலுக்கு ஒரு சொட்டு மினரல் ஆயில் விடுங்கள். சமையல் எண்ணெய் கூடாது, நாளடைவில் பிசினாக இறுகிவிடும். அநேகக் கத்திகள் இந்தக் கழுவலுக்குப் பிறகுதான் மிருதுவாக நகரும். எலும்பு, மரப் பிடிகளை நீரில் ஊறப்போடாதீர்கள்.

தொழிற்சாலைக் கூர் பெரும்பாலும் அகலக் கோணத்தில், ஏனோதானோவென்று இருக்கும். பக்கத்துக்கு 15 முதல் 20 பாகை வரை வைத்து நீங்களே புதிய கூர் அமையுங்கள். இதற்கு ஒரு மாலை முழுதும் ஒதுக்குங்கள். கல் பழக்கம் இல்லாதவர் நேர்கூர் கொண்ட சின்ன அலகில் தொடங்கலாம், தவறு நேர்ந்தாலும் சீர்செய்ய எளிது. வளைவான கிளிப் அலகுக்குக் கை பழகிய பிறகு வாருங்கள். அதன்பின் வாரம் ஒரு முறை தோல்வாரில் பத்து இழுப்பு இழுத்தால் கல்லுக்குப் போகும் தேவை வெகுவாகக் குறையும்.

சாவியோடும் சில்லறையோடும் ஒரே பையில் போடாதீர்கள், ஒரு மெல்லிய தோலுறை போதும். ஆனால் பயன்படுத்தாத நாட்களில் தோலுறைக்குள் வைத்து அடுக்கிவிடாதீர்கள். தோல் ஈரத்தை இழுத்து வைத்திருக்கும், கார்பன் அலகில் சில வாரத்திலேயே புள்ளி புள்ளியாகத் துரு ஏறும்.